கித்துல்கலைப் பாலமும் கேளிக்கை நிலங்களும்

ஈண்டு நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள், விழா மலரொன்றுக்குச் சற்றே விந்தையானதெனச் சிலருக்குத் தோன்றலாம். சைவமும் தமிழும் வளர்த்த கல்லூரியின் மலரிலே அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றியும், அவற்றின் கட்டட வேலைகளைக் கண்ணிமையாது பார்த்திருக்கும் இரசிகரைப் பற்றியும் என்ன பேச்சு என்று மூத்த பழைய மாணவர் வினவுதல் கூடும். கினிகத்தேனையில் வாழும் எமக்கோ இப்பொருள் அயலதாகத் தோன்றவில்லை. எமது ஊரிலிருந்து அவிசாவளை நோக்கி வளைந்து வளைந்து இறங்கும் வீதியில் சென்றால் கித்துல்கலையை அடைவோம். அங்கே, களனி கங்கையின் மேலே, 1956ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு பெரும் பாலம் கட்டப்பட்டது. ஊரார் கடந்து செல்வதற்காக அன்று. வெடிவைத்துத் தகர்ப்பதற்காகவே அது கட்டப்பட்டது. இல்லாத ஒரு நிலத்தை இருப்பதுபோல் எழுப்பிக் காட்டும் தொழில் எமது மலைச்சாரலுக்கே வந்து குடியிருந்த காலம் அது. அதனைச் சொல்வதற்கு முன், அந்தத் தொழில் இன்று எங்கே போய் நிற்கின்றது என்பதைச் சிறிது கூறிவிடுவோம்.

கேளிக்கைப் பூங்கா என்றதும் இராட்டினமும் சறுக்குமரமும் நிறுத்திய திருவிழாத் திடலே நம்மவர் நினைவுக்கு வரும். 1955 யூலை 17இல் கலிபோர்னியாவின் அனகைம் நகரில் வோல்ட் டிஸ்னி திறந்த டிஸ்னிலாந்து அந்த வழக்கத்தை மாற்றியது. பூங்கா பல 'நிலங்களாக' வகுக்கப்பட்டது. ஒரு நிலத்தில் காடும் ஆறும் படகும். இன்னொன்றில் அமெரிக்க மேற்கு எல்லையின் மரக்கடை வீதி. வேறொன்றில் வருங்கால நகரம். வெளியுலகம் கண்ணிற் படாதிருக்கச் சுற்றிலும் மண்மேடு எழுப்பினர். தோடந்தோப்பாய்க் கிடந்த ஏறத்தாழ 160 ஏக்கர் காணியில் இவ்வளவும் ஓராண்டுக்குள் எழுந்தன.

பணம் போதாமையால் டிஸ்னி ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அவர்கள் பூங்காவுக்குப் பணமுதவ, அவர் வாரந்தோறும் ஒரு நிகழ்ச்சி அளிப்பதென்பது ஏற்பாடு. 1954 ஒக்ரோபர் 27இல் அந்நிகழ்ச்சி தொடங்கியது. அதிலே பூங்காவின் மாதிரியுருவும், பின்னர் வேலை நடக்கும் நிலையும் இடையிடையே காட்டப்பட்டன. கதவு திறக்குமுன்னரே மக்கள் அந்நிலத்தை அறிந்திருந்தனர். ஆதலின், கட்டட வேலையைத் தொடர்ந்து நோக்கும் இரசிகர் கூட்டம் காட்டுச்செடி போலத் தானே முளைத்ததென்று எண்ணுதல் தவறு. முதல் விதையை ஊன்றியவர் முதலாளியே.

ஆனால் அந்தச் செடி வேலியைத் தாண்டிப் படர்ந்துவிட்டது. இன்றைய இரசிகர், நிறுவனம் காட்டுவதை மட்டும் பார்த்து மனநிறைவு கொள்பவரல்லர். உள்ளூராட்சி அலுவலகங்களில் பதிவாகும் கட்டட அனுமதிப் பத்திரங்களைத் தேடிப் படிக்கின்றனர். மழைநீர் வடிகால் வரைபடத்திலிருந்து எங்கே குளம் வரும், எங்கே குன்று எழும் என்று கணிக்கின்றனர். ஹெலிகொப்டரிலேறி வானிலிருந்து படமெடுக்கின்றனர். சென்ற மாதம் நின்ற பாரந்தூக்கி இம்மாதம் எங்கே நிற்கின்றது என்பதும் அவர்களுக்கு ஒரு செய்தி. 2019 மே 31இல் டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட 14 ஏக்கர் 'ஸ்டார் வோர்ஸ்' நிலத்தை, 2016இல் மண் வெட்டிய நாள் முதல் மூன்றாண்டுகள் இவ்வாறு பார்த்திருந்தோர் பலர். புளோரிடாவின் ஒர்லாண்டோவில் யூனிவர்சல் நிறுவனம் 2019இல் அறிவித்த 'எபிக் யூனிவர்ஸ்' பூங்கா, பெருந்தொற்றினால் 2020இல் நிறுத்தப்பட்டு, 2021இல் மீளத் தொடங்கி, 2025 மே 22இல் திறக்கப்பட்டது. வேலை நின்ற மாதங்களில் வெறும் மண்மேட்டையும் படமெடுத்து, ஒரு புல் முளைத்தாலும் பேசிக்கொண்டிருந்தனர் இந்த அன்பர்கள். நம் தமிழ்நாட்டிலும் இவ்வார்வம் இல்லாமலில்லை. சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பக்கத்தில் 2025 டிசெம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா பூங்காவுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்த இளைஞர், அதன் உருளோட்டத் தண்டவாளம் துண்டுதுண்டாய் எழுவதைச் சாலையோரம் நின்று பார்த்தனர்.

இதனை வேலையற்றோர் வேலை என்று தள்ளிவிடலாம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் இவர்கள் பார்க்கும் பொருளைச் சற்று ஊன்றி நோக்கியபோது எமது எண்ணம் மாறியது. செயற்கைப் பாறையொன்று எழும் விதத்தை எடுத்துக்கொள்வோம். சிற்பி முதலிற் சிறு மாதிரி செய்கின்றார். அதனைக் கணினியில் அளந்து பெரிதாக்கி, அந்த வளைவுகளுக்கேற்ப இரும்புக் கம்பிகளை வளைத்துக் கூடுகளாகப் பின்னுகின்றனர். அக்கூடுகளை உருக்குச் சட்டத்தில் பொருத்தி, வலையடித்து, அதன்மேற் சீமெந்துச் சாந்தைப் பீய்ச்சி அடிக்கின்றனர். சாந்து இறுகுவதற்கு முன் உள்ள சில மணி நேரத்துள், தொழிலாளர் சாரத்தில் நின்று சாந்தகப்பையாலும் தூரிகையாலும் கையாலும் பிளவும் அடுக்கும் கீறிப் பாறையாக்குகின்றனர். பின்னர் நிறந்தீட்டுவோர் வந்து மழைக்கறையையும் பாசியையும் பூசுகின்றனர். முடிந்தபின் பார்ப்பவனுக்கு அது மலை. வேலை நடக்கையிற் பார்த்தவனுக்கோ இன்ன மூலையில் இன்ன கை வேலை செய்தது என்பது தெரியும். கோட்டைகளில் மேலே போகப்போகச் செங்கல்லைச் சிறிதாக்கி உயரம் காட்டுவதும் இத்தகைய வித்தையே. டிஸ்னிலாந்தின் கோட்டை உண்மையில் 77 அடி உயரந்தான். அடிவாரத்தில் நிற்பவன் அதனை நம்பமாட்டான்.

இவ்விடத்தில் தமிழறிந்த எமக்கு ஒரு வியப்பு. ஆங்கிலத்தில் இப்பூங்காக்களுக்கு வழங்கும் பெயரைத் தமிழாக்குவோர் 'கருப்பொருட் பூங்கா' என்கின்றனர். எண்ணிச் சூட்டினரோ எண்ணாது சூட்டினரோ அறியோம், பொருத்தமான பெயர். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வைத்து, அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் என்பவற்றைக் கருப்பொருள் என்றார். புதிய நிலமொன்றைக் கட்டும் அமெரிக்கச் சிற்பிகள் செய்வதும் இதுவே. இன்ன மரம் நடுக, இன்ன பறவையின் குரல் கேட்பிக்க, இன்ன உணவு விற்க, இன்ன இசை ஒலிக்கச் செய்க, பணியாளர் இன்ன உடை உடுக்க என்று அவர்கள் வகுக்கும் பட்டியலைக் கண்டால், குறிஞ்சியும் முல்லையும் கற்ற மாணவன் அதனை எளிதில் இனங்காண்பான். ஆனால் தொல்காப்பியர் பட்டியலிலே தொழிலும் ஒன்று. அந்நிலத்து மக்கள் அங்கே உழைத்து வாழ்கின்றனர். கட்டப்படும் நிலத்திலோ தொழில் செய்வோர் தொழில் செய்வதாக நடிப்பர். உண்மையில் உழைத்தவர் திறப்பு விழாவுக்கு முன்பே சாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவர். இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு கித்துல்கலைக்கு இறங்குவோம்.

'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்தை டேவிட் லீன் இயக்கினார். சாம் ஸ்பீகல் தயாரித்தார். கதை நடப்பது சயாம் நாட்டில். படமாக்கியது இலங்கையில். கைதிகள் முகாமைக் கொழும்புக்கு அண்மையிலுள்ள மஹர கற்குழியில் அமைத்தனர். மருத்துவமனைக் காட்சி கல்கிசை ஹோட்டலில் எடுக்கப்பட்டது. பேராதனைப் பூங்காவும் படத்தில் உண்டு. பாலத்துக்கு ஏற்ற இடமாகக் கண்டது, கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனியாகிச் சிறிது தூரம் வந்தபின் காடு சூழ்ந்து வளையும் கித்துல்கலை ஆற்றுப் பள்ளத்தை. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து ஹஸ்பண்ட் என்னும் பொறியியல் நிறுவனம் பாலத்தைக் கட்டியது. ஏறத்தாழ 425 அடி நீளம், முழுதும் மரம், தோற்றத்தில் ஸ்கொட்லாந்து நாட்டின் ஃபோர்த் பாலத்தை நினைவூட்டுவது. எட்டு மாத வேலை, 500 தொழிலாளர், 35 யானைகள் என்று படக்காரரின் விளம்பரங்கள் கூறின. யானைகள் சில மணி நேரத்துக்கொரு முறை வேலையை விட்டு ஆற்றில் இறங்கிப் படுத்துவிடும் என்பர். யானைகளை அறிந்த எவரும் இதனை ஐயுறார். செலவு இரண்டரை இலட்சம் டொலர் என்றும் விளம்பரம் பறைசாற்றியது. பின்னர் வெளிவந்த கணக்கோ 52,000 டொலர் அளவையே காட்டுகின்றது. உள்ளூர் மரமும் உள்ளூர்க் கூலியும் அவ்வளவு மலிவு.

தகர்ப்பு நாளின் கதை இன்றும் சொல்லப்படுவது. 1957 மார்ச் 10ஆம் நாள் பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா முதலான பிரமுகர் வந்திருந்தனர். ஒளிப்பதிவாளர் ஒவ்வொருவரும் தம் கருவியை இயக்கிவிட்டுப் பதுங்குமிடம் சேர்ந்ததும் குறிகாட்ட வேண்டுமென்பது ஏற்பாடு. ஒருவர் வெடியின் எல்லையிலிருந்து உரிய நேரத்தில் விலகவில்லை. உயிர்ச்சேதம் அஞ்சி லீன் வெடியை நிறுத்திவிட்டார். இரயிலோ வெடிக்காத பாலத்தைக் கடந்து அக்கரையிலிருந்த மின்பிறப்பாக்கியில் மோதி நின்றது. அதனைச் சீர்செய்து மறுநாள் மீண்டும் ஓட்டினர். பாலமும் இரயிலும் ஒருங்கே ஆற்றில் வீழ்ந்தன. பல மாத உழைப்பு சில நொடியிற் போயிற்று. அந்நொடிகளுக்காகவே அது கட்டப்பட்டதாதலின் இழப்பென்று சொல்லவும் இடமில்லை. இந்தப் படப்பிடிப்புத் தளத்தை இளமையிற் கண்டு, அங்கிருந்தே திரையுலக வாழ்வைத் தொடங்கியவராக நம் நாட்டு இயக்குநர் சந்திரன் இரத்தினம் அறியப்படுகின்றார். கட்டட வேலையைப் பார்த்திருத்தல் ஒருவர்க்கு வாழ்க்கைத் தொழிலையே தந்தது.

அதே ஆண்டுகளில் எமது மலைகளிலே வேறென்ன நிகழ்ந்தது என்பதையும் ஒரு வாக்கியத்திற் கூறவேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர், அப்பாலம் எழுந்த பள்ளத்துக்கு மேலுள்ள மலைகளிலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர்.

படம் 1957 ஒக்ரோபரில் வெளியாகி ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. திரைக்கதைக்கான விருது, மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலுக்கு வழங்கப்பட்டது. உண்மையில் எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் என்னும் இருவர். அரசியற் காரணத்தால் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தமையால் அவர்கள் பெயர் மறைக்கப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில், இருவரும் இறந்தபின், அவர்களுக்கு உரிய விருது அளிக்கப்பட்டது. காலந் தாழ்ந்த நீதியாயினும் நீதியே. இதனை ஏன் சொல்கின்றோமெனில், அதே கதையில் மறைக்கப்பட்ட வேறு பெயர்களும் உண்டு. அவை இரண்டல்ல, பல்லாயிரம். அவற்றுட் பெரும்பாலானவை தமிழ்ப் பெயர்கள்.

சயாம் - பர்மா இரயில்பாதையை யப்பானியர் 1942இல் தொடங்கி 1943 ஒக்ரோபரில் முடித்தனர். நீளம் 415 கிலோமீற்றர். அதிலே 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்விக்கப்பட்டனர். 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். படம் இவர்களைப் பற்றியது. ஆனால் அப்பாதையிற் கைதிகளைவிடப் பன்மடங்கினராக உழைத்தவர் ஆசியத் தொழிலாளர். பர்மியர், மலாயர், சாவகர், சீனர், தமிழர். இவர்கள் இரண்டு இலட்சத்துக்குக் குறையாதவர் என்றும், இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்றும் மதிப்பிடுவர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரிற் பெரும்பகுதியினர் றப்பர்த் தோட்டத் தமிழர். யுத்தத்தால் றப்பர் விலைபோகாது, தோட்டங்களிற் பட்டினி சூழ்ந்திருந்தது. நல்ல கூலி, சில மாத ஒப்பந்தம் என்று சொல்லி முதலில் அழைத்தனர்; ஆள் போதாதபோது பிடித்தே ஏற்றினர். கைதிகளுக்காவது தம் இராணுவ மருத்துவரும் அதிகாரிகளும் உடனிருந்தனர். தோட்டத்தாருக்கு அத்துணையும் இல்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மாண்டனர்.

கண்டிச் சீமைக்கு வந்தோரும் மலாயாவுக்குப் போனோரும் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர் மாவட்டங்களின் ஊர்களிலிருந்து கங்காணிமார் வழியே புறப்பட்டவரே. ஒரே ஊரில் அண்ணன் இக்கப்பலிலும் தம்பி அக்கப்பலிலும் ஏறியதுண்டு. ஆதலின், கித்துல்கலையில் எழுந்தது சயாமின் பொய்ப்பாலம் என்பதும், அதனைச் சூழ்ந்த மலைகளில் வாழ்ந்தவர் மெய்ப்பாதையில் மாண்டவரின் உறவினர் என்பதும் எமக்கு வெறும் தற்செயலாகப் படவில்லை. படத்திலே ஆசியத் தொழிலாளர் இடம்பெறவே இல்லை எனலாம். நாவலாசிரியர் பூல், யுத்தத்துக்கு முன் மலாயாவின் றப்பர்த் தோட்டமொன்றில் பணியாற்றியவர். தமிழ்த் தொழிலாளரை நாளும் கண்டவர். அவர் நாவலிலும் பாலம் கைதிகளின் பாலமே.

இதனினும் விந்தை ஒன்றுண்டு. உண்மைப் பாலம் நின்றது மேகுளோங் என்னும் ஆற்றின் மேலே. படம் பார்த்துவிட்டு 'குவாய் நதிப் பாலம் எங்கே' என்று கேட்டு உல்லாசப் பயணிகள் காஞ்சனபுரிக்கு வரத்தொடங்கவே, 1960 அளவில் அந்த ஆற்றுப் பகுதிக்குக் குவாய் யாய் எனப் பெயர் மாற்றினர். பொய்நிலத்துக்கேற்ப மெய்நிலம் தன் பெயரைத் திருத்திக்கொண்டது. காஞ்சனபுரியின் யுத்த மயானத்தில் கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 வரிசை வரிசையாக நிற்கின்றன; ஒவ்வொன்றிலும் தனித்தனிக் கல்வெட்டு. தமிழ்த் தொழிலாளரோ காட்டோரக் குழிகளிற் போயினர். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்களே நெடுங்காலம் அவர்களுக்கு நினைவுச்சின்னமாக இருந்தன. மலேசியத் தமிழன்பர்களின் முயற்சியால் 2023ஆம் ஆண்டிலே காஞ்சனபுரியின் விகாரை ஒன்றில் அவர்களுக்கு ஒரு நடுகல் எழுந்தது. பாதை முடிந்து எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

கித்துல்கலையோடு மலைநாட்டின் கதை முடியவில்லை. 1983இல் ஹொலிவூட்டார் மீண்டும் வந்தனர். 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாம் படத்தை இந்தியாவில் எடுக்க எண்ணியிருந்தனர். திரைக்கதையைக் கண்ட இந்திய அரசு ஆட்சேபிக்கவே கண்டிக்கு இறங்கினர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் இந்தியக் கிராமமொன்றைக் கட்டினர். அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணையின் அயலில், அணை வேலைக்கு வந்திருந்த பிரித்தானியப் பொறியியலாளரின் துணையோடு, பள்ளத்தின் குறுக்கே ஒரு கயிற்றுப் பாலம் கட்டி அதனையும் அறுத்து வீழ்த்தினர். சந்திரன் இரத்தினம் இப்படத்திலும் பணிபுரிந்தார். இந்துக் கல்லூரியின் மலரிலே ஒன்றை ஒளியாது சொல்லவேண்டும். இப்படத்தில் காளியன்னை நரபலி கேட்கும் பேயாகக் காட்டப்படுகின்றாள். கருப்பொருள்களுள் முதலாவதாகிய தெய்வத்தையே பிழைபடக் காட்டினால் ஏனைய மரமும் பறையும் எவ்வளவு நுட்பமாக அமைந்தும் என்ன பயன்? லயத்து முற்றத்துக் கோவிலிலே காளிக்கும் மாரிக்கும் விளக்கேற்றி வளர்ந்த எவரும் அக்காட்சியை வருத்தமின்றிப் பார்த்திரார்.

ஆயினும் அப்படங்களின் வழியே எமது மலைகளின் சாயல் கேளிக்கைப் பூங்காவுக்கே போய்ச் சேர்ந்தது. 1995இல் டிஸ்னிலாந்தில் 'இந்தியானா ஜோன்ஸ்' பெயரால் ஓர் ஓட்டம் திறந்தனர். இந்தியாவின் மறைந்த கோவில் ஒன்று என்பது அதன் கற்பனை. அதிலும் ஆடும் தொங்குபாலம் ஒன்றுண்டு. புளோரிடாவின் டிஸ்னி விலங்குப் பூங்காவில், பழைய டைனோசர் நிலத்தை அகற்றி, வெப்பமண்டல அமெரிக்கா என்னும் புதுநிலம் 2027இல் திறக்கப்படுமென 2024இல் அறிவித்தனர். அங்கே மாயர் கோவில் ஒன்றின் உள்ளே அதே நாயகனின் ஓட்டம் வரும். வானிலிருந்து படமெடுக்கும் இரசிகர் அதன் ஒவ்வொரு தூணையும் எண்ணி வருகின்றனர்.

அவ்விரசிகர்மேல் எமக்குள்ள மதிப்பு இங்கேதான் தங்குகின்றது. கட்டி முடித்த நிலம் தன்னைக் கட்டியவரை மறைக்கும். அதுவே அதன் வெற்றி. அந்த மறைப்புக்கு முன் போய் நின்று, எந்த நாளில் எந்த உத்தரம் ஏறியது என்று குறித்து வைப்பவர் இவர்கள். கித்துல்கலைப் பாலத்துக்கு அத்தகைய குறிப்பு ஓரளவு உண்டு: யானைகளின் தொகைகூடத் தெரியும். தொழிலாளர் 500 என்ற எண்ணுக்கு அப்பால் அவர்கள் யாவர், எவ்வூரவர், நாட்கூலி என்ன என்பவற்றை விளம்பரம் கூறவில்லை. சயாம் பாதைக்கு அதுவுமில்லை. நம் மாணவர் இந்த இரசிகரிடம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டென்றால், அவர்களின் பொறுமையையும் பத்திரம் தேடும் பழக்கத்தையுமே கூறுவோம். அப்பழக்கத்தைக் கொண்டு பார்க்கவேண்டிய கட்டடங்கள் எமது அயலிலேயே பல. 1918இல் டி. ஜே. விமலசுரேந்திரா எழுதிய கட்டுரையிலிருந்து 1950இல் இயங்கிய லக்சபான மின்னிலையம் வரை ஒரு தலைமுறைக் காலம் சென்றது. 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரையே விழுங்கியது. வரட்சிக் காலங்களில் நீர் வற்றும்போது பழைய கோவிலின் இடிபாடு மேலே தெரியும்; ஊரார் திரண்டு போய்ப் பார்ப்பர். கம்பளைக்கு அண்மையில் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட் காட்சிச்சாலை ஒன்று உண்டு. அது பழைய லயமொன்றில், அடுப்பும் உரலும் கொழுந்துக் கூடையும் வைத்த இடம். அங்குள்ள சுவரைக் கட்டிய கை தோட்டக் கையே. அதற்கு மலையை நடித்துக் காட்டவேண்டிய தேவை இல்லை.

விழாவை ஒட்டி மலைநாட்டுக்கு வரும் பழைய மாணவர் கித்துல்கலையையும் பார்த்துப் போதல் நன்று. கினிகத்தேனையிலிருந்து பஸ்ஸில் இறங்குவோர் வலப்புறத்தே ஆற்றை நோக்கியிருக்கட்டும் என்று சொல்ல எண்ணினோம். வீதி வளையும் வளைவில் வலமும் இடமும் மாறிக்கொண்டேயிருக்கும் ஆதலின், நடத்துநரிடம் கேட்டுக்கொள்வதே உத்தமம். வாடிவீட்டில் படப்பிடிப்புக் காலத்து நிழற்படங்கள் உண்டு. ஆற்றங்கரைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை வழுக்கும், அட்டையும் உண்டு, உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோதல் வேண்டும். மேலே அணைகளில் நீர் திறந்தால் ஆறு திடீரென உயரும் ஆதலின் இளைஞர் பாறைகளில் இறங்கி நிற்றலாகாது. இரு கரையிலும் பாசி படிந்த கொங்கிறீற்று அத்திவாரத் துண்டுகள் சில காணப்படும். மரம் முழுவதும் போய்விட்டது; எஞ்சியவை அவையே.